கை கட்டி உட்காராத பிள்ளைக்கு ஒரு கடிகாரம்

தானாகச் சாவி ஏறும் கைக்கடிகாரத்தின் முதுகுமூடியைத் திறந்தால் உள்ளே அரைவட்ட எடைத்தகடு ஒன்று தெரியும். கை அசையும்போதெல்லாம் அந்தத் தகடு சுழலும். சுழன்று வில்சுருளை முறுக்கும். அந்த முறுக்கில் கடிகாரம் ஓடும். 1959-ஆம் ஆண்டு ஜெரோம் ஷுல்மன், ஜான் ரைஸ்மன் என்னும் இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அப்படியொரு கடிகாரத்தை எடுத்து, நேரம் காட்டும் வேலையிலிருந்து அதை விடுவித்தார்கள். எடைத்தகட்டின் ஆட்டமே முட்களை நேராகத் தள்ளும்படி உள்ளமைப்பை மாற்றினார்கள். கட்டியிருப்பவர் கையை ஆட்டினால் முள் நகரும். கை ஓய்ந்தால் முள்ளும் நின்றுவிடும். கட்டும்போது முள் எங்கே இருந்தது, கழற்றும்போது எங்கே இருக்கிறது என்று பார்த்துக் கழித்தால், இடைப்பட்ட நேரத்தில் அந்த உடம்பு எவ்வளவு அசைந்தது என்பதற்கு ஓர் எண் கிடைத்துவிடும். அந்தக் கருவிக்கு ஆக்டோமீட்டர் என்று பெயர். அது குழந்தைகளுக்காகச் செய்யப்பட்டது. ஓர் இடத்தில் உட்காராத குழந்தைகளுக்காக.

கவனக்குறைவு, மிகைத்துடிப்பு என்று மருத்துவர்கள் எழுதுகிற, பெற்றோர்கள் இப்போது ஏடிஎச்டி என்றே சொல்லப் பழகிவிட்ட நிலையை மதிப்பிட இன்று உலகெங்கும் பயன்படும் சென்சார்களின் வம்சத்தில் மூத்தது இந்தக் கடிகாரம்தான். அது எதற்குத் தேவைப்பட்டது என்று தெரிந்துகொள்ள அமெரிக்காவுக்குப் போக வேண்டியதில்லை. திருவாலங்காட்டுப் பக்கம் ஏதாவதொரு தொடக்கப்பள்ளி வாசலில் நின்று கேட்டாலே தெரிந்துவிடும்.

திருவாலங்காடு சென்னை–அரக்கோணம் ரயில் பாதையில் இருக்கும் ஊர். நடராசரின் ஐந்து சபைகளில் இரத்தின சபை இங்கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் இங்கே. சுற்றியுள்ள ஊர்களிலிருந்து விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறிப் போகிறவர்கள் ஏராளம்: திருவள்ளூர், காக்களூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் ஆலைகளுக்கும் உதிரிபாக ஆலைகளுக்கும். இதே திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு முனையில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை. இந்த ஊர்களின் வகுப்பறைகளில், எந்த வகுப்பறையிலும் போலவே, ஒரு பிள்ளை இருக்கும். "காலுல சக்கரம் கட்டியிருக்கு" என்பார் டீச்சர். "வீட்டுல நல்லாத்தான் இருக்கான், ஸ்கூல்லதான் ஏதோ பண்றாங்க" என்பார் அம்மா. இரவு ஷிப்டு முடித்து வந்து பகலில் தூங்கும் அப்பா, பிள்ளையை விழித்த கண்ணோடு பார்ப்பதே ஞாயிற்றுக்கிழமைதான். "நானும் இந்த வயசுல இப்படித்தான், வளர்ந்தா சரியாயிடும்" என்பார் தாத்தா. நால்வரும் பொய் சொல்லவில்லை. நால்வரும் பார்த்தது அந்த ஒரே பிள்ளையின் வெவ்வேறு நேரங்களை.

இந்த நால்வரின் சொல்லிலிருந்துதான் மருத்துவர் முடிவுக்கு வர வேண்டும். ஏடிஎச்டியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை கிடையாது, ஸ்கேன் கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டின்படி, அறிகுறிகள் ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும், 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். இவையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் சங்கதிகள். 1969-இல் கீத் கானர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் ஆசிரியர்களுக்கென ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார். 39 கேள்விகள் கொண்ட அந்த வகைத் தாள்தான் இன்றுவரை பல வடிவங்களில் உலகெங்கும் சுற்றுகிறது. கோயம்புத்தூர் மாவட்டத்தின் நான்கு பள்ளிகளில் 6 முதல் 11 வயது வரையான 770 பிள்ளைகளை வைத்து நடந்து, 2013-இல் வெளியான ஆய்வும் கானர்ஸ் கேள்விகளின் சுருக்க வடிவத்தைத்தான் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கொடுத்தது. 11.32 சதவீதப் பிள்ளைகளுக்கு ஏடிஎச்டி இருப்பதாக அது கணக்கிட்டது. பெரிய எண். ஆனால் அந்த எண்ணுக்கு அடியில் இருப்பது பெரியவர்களின் கண்.

கண்ணை நம்பாமல் எண்ணிப் பார்க்கலாம் என்று முதலில் தோன்றியது மருத்துவருக்கு அல்ல. 1885-இல் ஆங்கிலேய அறிவியலாளர் பிரான்சிஸ் கால்டன் ஒரு நீண்ட, சலிப்பூட்டும் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது, சுற்றியிருந்தவர்கள் எத்தனை முறை நெளிகிறார்கள் என்று எண்ண ஆரம்பித்தார். அடிக்கடி கடிகாரத்தை எடுத்துப் பார்த்தால் மரியாதையாக இராது என்பதால், தன் மூச்சை எண்ணி நிமிடத்தைக் கணக்கிட்டார். பேச்சு பிடித்துப்போன நேரத்தில் நெளிவு பாதிக்கும் கீழே குறைந்ததையும் குறித்து, 'நேச்சர்' இதழில் சிறு குறிப்பாக எழுதினார். குழந்தைகள் சும்மா இருப்பது அபூர்வம் என்றும் அதில் சொல்லியிருந்தார்.

அவர் சொன்னதன் சாரம்: மனம் ஒன்றினால் உடம்பு அசையாது. நம் ஊரில் இதற்குக் கால்டன் தேவைப்படவில்லை. "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்று தொடக்கப்பள்ளியில் சொல்லாத ஆசிரியர் ஒரு தலைமுறை முன்வரை இருந்திருக்க மாட்டார். அசையாத உடம்பு கவனிக்கும் மனம். அசைகிற உடம்பு அலைகிற மனம். இந்த நம்பிக்கையின் மேல்தான் பின்னால் வந்த கருவிகள் அத்தனையும் எழுந்தன. அந்த நம்பிக்கையை அந்தக் கருவிகளில் ஒன்றே பிறகு அசைத்துவிட்டது என்பதுதான், இந்தக் கதையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் இடம். அதற்கு வருகிறேன்.

ஷுல்மனுக்கு முன்னால் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்லாமல் போக முடியாது. அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் நரம்புச் சிக்கல், நடத்தைச் சிக்கல் உள்ள குழந்தைகளுக்கென ஓர் இல்லம் இருந்தது. அங்கே மூளையைப் படம்பிடிக்கும் கடுமையான பரிசோதனைக்குப் பிறகு பிள்ளைகளுக்குத் தாங்க முடியாத தலைவலி வரும். அதைத் தணிக்க நினைத்து மருத்துவர் சார்லஸ் பிராட்லி பென்செட்ரின் என்ற ஊக்கமருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி அவ்வளவாகக் குறையவில்லை. பள்ளிப் பாடத்தில் பிள்ளைகள் திடீரென்று உட்கார்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். 30 குழந்தைகளிடம் கண்ட இந்த விளைவை 1937-இல் அவர் வெளியிட்டார். மருந்து கிடைத்துவிட்டது, அது எவ்வளவு வேலை செய்கிறது என்று அளக்கும் கோல் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டே அவரும் ஹெர்பர்ட் ஜாஸ்பரும் பிலிப் சாலமனும் இத்தகைய பிள்ளைகளின் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்து பார்த்தார்கள். தலையில் மின்முனை ஒட்டும் அந்தப் பாதை நீண்டது, ஏமாற்றங்கள் நிறைந்தது.

இரண்டாவது, 1956-இல். ரோஸ்வோல்ட் என்ற ஆய்வாளரும் நான்கு கூட்டாளிகளும் மூளைப் பாதிப்பைக் கண்டறிய ஒரு சோதனை வடிவமைத்தார்கள். ஒவ்வோர் எழுத்தாகக் கண்முன் வந்து மறையும்; குறிப்பிட்ட எழுத்து வந்தால் மட்டும் விசையை அழுத்த வேண்டும். நிமிடக்கணக்கில் இதையே செய்ய வேண்டும். அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்தாமல் விட்டால் கவனம் நழுவியது என்று பொருள். அழுத்தக் கூடாத இடத்தில் அழுத்தினால் அவசரம். எளிமையான சோதனைதான். ஆனால் பிள்ளையின் மனத்துக்குள் நடப்பதை வெளியே ஒரு விரலின் வழியாக எண்ணாக்கியது.

ஆக 1950-களின் முடிவில் இரண்டு பொருள்கள் தயாராக இருந்தன. ஒன்று விரலை எண்ணியது, மற்றொன்று மணிக்கட்டை எண்ணியது. இவை இரண்டும் ஒரே மேசையில் சந்திக்க நாற்பது ஆண்டுகள் ஆயின.

தாமதத்துக்குக் காரணம் கடிகாரத்தின் குறைதான். அது ஒரு நாளைக்கு ஒரே ஓர் எண்ணைத்தான் தரும். அந்த அசைவு காலை கணக்குப் பாடத்தில் நடந்ததா, மாலை கபடியில் நடந்ததா என்று அதற்குத் தெரியாது. நினைவு இல்லாத கருவி. 1970-களில் அமெரிக்காவின் தேசிய மனநலக் கழகத்தில் தியோடர் கோல்பர்னும் கூட்டாளிகளும் மின்னணு நினைவகம் கொண்ட சிறு பதிவுப்பெட்டியை உருவாக்கினார்கள். அசைவுகளை எண்ணி, எந்த நேரத்தில் எத்தனை என்று அது சேமித்து வைத்தது. அதை வைத்து லிண்டா பொரினோ, ஜூடித் ராப்போபோர்ட் குழு செய்து 1983-இல் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையின் திருப்பம். மிகைத்துடிப்புள்ள 12 சிறுவர்கள், அப்படியில்லாத 12 சிறுவர்கள். ஒரு வாரம், இரவும் பகலும், பெட்டி உடம்பிலேயே இருந்தது.

கிடைத்த விடை பெற்றோரும் ஆசிரியரும் எதிர்பாராதது. அந்தச் சிறுவர்கள் பள்ளியில் மட்டும் அதிகம் அசையவில்லை. விடுமுறை நாளில் அதிகம் அசைந்தார்கள். தூக்கத்திலும் அதிகம் அசைந்தார்கள். தூங்கும் பிள்ளை யாரையும் எரிச்சலூட்டுவதற்காகப் புரள்வதில்லை. "வேணும்னே பண்றான்" என்ற பழிச்சொல்லுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. அதே சமயம், இரு கூட்டத்துக்குமான வேறுபாடு மிகச் சீராகத் தெரிந்தது பள்ளியில், ஒழுங்குக்குள் உட்கார்ந்து வேலை செய்யும் நேரத்தில்தான். ஆகவே டீச்சர் சொன்னதும் சரி. அம்மா "வீட்டில் நல்லாத்தான் இருக்கான்" என்று சொன்னதற்கும் காரணம் இருந்தது. வீட்டில் அந்த அசைவுக்கு இடம் இருந்தது, தெரு இருந்தது. நால்வரின் சாட்சியத்தையும் ஒரே கயிற்றில் கோக்க அந்தப் பெட்டியால் முடிந்தது.

இனி கதை கார் ஆலைக்குள் நுழைகிறது. மோதல் நடந்த நொடியில் காரின் காற்றுப்பை விரிய வேண்டுமென்றால், வேகம் சட்டென்று குறைந்ததை யாரோ உணர்ந்து சொல்ல வேண்டும். அதைச் செய்ய சிலிக்கனில் செதுக்கிய, கண்ணுக்குத் தெரியாத அளவு சிறிய எடை ஒன்று நுண்ணிய விற்களில் தொங்கிக்கொண்டிருக்கும் சில்லு உருவானது. எடை ஒரு மயிரிழை நகர்ந்தாலும் மின்தேக்கத்தின் அளவு மாறும். அந்த மாற்றமே அசைவின் அளவு. 1990-களின் தொடக்கத்தில் அனலாக் டிவைசஸ் நிறுவனம் இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. காருக்காகப் பெருமளவில் செய்யத் தொடங்கியதும் விலை சரிந்தது. சரிந்த விலையில் அது கைபேசிக்குள் புகுந்தது, பிறகு மணிக்கட்டுப் பட்டைக்குள் புகுந்தது. ஷுல்மனின் கடிகாரத்தில் சுழன்ற எடைத்தகடும் இதுவும் செய்வது ஒரே வேலை.

திருவள்ளூர் மக்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. 1998-இல் இந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சர் கார் செய்யத் தொடங்கியது. அதே ஆலையில்தான் இப்போது சிட்ரோயன் கார்கள் உருவாகின்றன. 2019 ஜூலை முதல் இந்தியாவில் விற்கும் எந்தக் காரிலும் ஓட்டுநருக்குக் காற்றுப்பை கட்டாயம். அப்படியானால் பகலெல்லாம் இந்த வகைச் சில்லு பொருத்திய காருக்கு நட்டு முடுக்கிவிட்டு, கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்கு வருகிறவர்கள் இந்த மாவட்டத்தில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளையின் துடிப்பை அளக்கவும் அதே சில்லு போதும் என்பதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

விரலும் மணிக்கட்டும் ஒரே மேசையில் சந்தித்தது 1996-இல். அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையைச் சேர்ந்த மார்ட்டின் டைக்கர், எழுத்துச் சோதனை செய்துகொண்டிருக்கும் சிறுவர்களின் அசைவை அகச்சிவப்புக் கேமராவால் பின்தொடர்ந்தார். ஏடிஎச்டி உள்ள சிறுவர்கள் தலையை 2.3 மடங்கு அதிக முறை அசைத்தார்கள். அவர்கள் தலை கடந்த தூரம் 3.4 மடங்கு. இவற்றைவிட எனக்கு வியப்பளிப்பது இன்னொரு கவனிப்பு: அவர்களது அசைவின் வடிவமே வேறாக இருந்தது. மற்றப் பிள்ளைகள் சின்னச் சின்னதாய், சிக்கலான கோலங்களில் நெளிந்தார்கள். இவர்களோ நேர்கோட்டில், பெரிய வீச்சில் அசைந்தார்கள். எத்தனை அசைவு என்று மட்டும் எண்ணியிருந்த கடிகாரத்துக்கு இது தெரிந்திருக்கவே முடியாது.

2002-இல் ஸ்வீடனில் தொடங்கிய க்யூபிடெக் நிறுவனம் இந்த இணைப்பை மருத்துவமனைச் சோதனையாக்கியது. பிள்ளையின் நெற்றியில் ஒரு பட்டை, பட்டையில் ஒளியைத் திருப்பியனுப்பும் சிறு குண்டு, எதிரே கேமரா, கையில் ஓர் அழுத்துபொத்தான். சிறு பிள்ளைகளுக்குக் கால் மணி நேரம், வளர்ந்தவர்களுக்கு இருபது நிமிடம். முடிந்ததும் கவனம், அவசரம், துடிப்பு மூன்றும் அதே வயதுப் பிள்ளைகளோடு ஒப்பிட்ட வரைபடமாக வரும். இதனால் உண்மையில் பயன் உண்டா என்று நாட்டிங்காம் ஆய்வாளர்கள் 250 பிள்ளைகளை வைத்துச் சோதித்து 2018-இல் எழுதினார்கள். பாதிப் பேருடைய அறிக்கையை மருத்துவரிடம் கொடுத்தார்கள். மீதிப் பேருடையதை மறைத்துவிட்டார்கள். ஆறு மாதத்தில், அறிக்கை கையில் இருந்த மருத்துவர்கள் 76 சதவீதப் பிள்ளைகளின் விஷயத்தில் முடிவுக்கு வந்திருந்தார்கள்; இல்லாதவர்கள் 50 சதவீதம். முடிவின் துல்லியம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கருவி தந்தது வேகமும் மருத்துவருக்கு ஒரு தெளிவும். காத்திருக்கும் குடும்பத்துக்கு அது சின்ன உதவி அல்ல. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டல் அமைப்பான நைஸ் 2024-இல், 6 முதல் 17 வயது வரை நோயறிதலுக்குத் துணையாக இதைப் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தது. துணையாக என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

தலையில் மின்முனை ஒட்டிய பாதை வேறு மாதிரி முடிந்தது. மூளையின் மெதுவான அலைக்கும் வேகமான அலைக்குமுள்ள விகிதத்தைப் பார்த்து ஏடிஎச்டியை உறுதிசெய்ய உதவும் கருவிக்கு 2013-இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. மூன்றே ஆண்டில், வழக்கமான மருத்துவ மதிப்பீட்டுக்குப் பதிலாக அந்த விகிதத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்று அமெரிக்க நரம்பியல் சங்கம் எச்சரித்தது. மூளையைத் தொட்டுப் பார்க்கும் கருவி தடுமாறியது. கணுக்காலைத் தொட்ட கருவி நிலைத்தது.

கணுக்கால் என்று சொன்னேன். புளோரிடாவில் மார்க் ராப்போர்ட் என்ற உளவியலாளர், 8 முதல் 12 வயதுச் சிறுவர்களின் இரண்டு கணுக்காலிலும் ஒரு மணிக்கட்டிலும் அசைவுப் பதிவிகளைக் கட்டினார். கணினி விளையாட்டு ஆட உதவும் சிறப்புக் கடிகாரங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்லப்பட்டது. ஏடிஎச்டி உள்ளவர்கள் 12 பேர், இல்லாதவர்கள் 11 பேர். இவர்களுக்கு நினைவில் வைத்து மாற்றியடுக்க வேண்டிய கணக்குகள் கொடுக்கப்பட்டன: எண்களைக் கேட்டு, வரிசைப்படுத்தி, திருப்பிச் சொல்ல வேண்டும். 2009-இல் வெளியான முடிவு இது: மனத்துக்கு வேலை கூடியபோது எல்லாப் பிள்ளைகளும் கூடுதலாக அசைந்தார்கள். ஏடிஎச்டி உள்ளவர்கள் இன்னும் அதிகமாக அசைந்தார்கள். பிறகு 2015-இல் அதே ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த இன்னோர் ஆய்வில், 29 சிறுவர்களும் ஒப்பீட்டுக்கு 23 சிறுவர்களும் கவனிக்கப்பட்டார்கள். ஏடிஎச்டி உள்ளவர்கள் அசைந்தபோது அவர்களது நினைவுப் பணி மேம்பட்டது; மற்றவர்களுக்கு அசைவு இடையூறானது.

கால்டனின் கணக்கு இங்கே தலைகீழாகிறது. நாற்காலியில் முன்னும் பின்னும் ஆடும் பையன், பாடத்திலிருந்து தப்பி ஓட ஆடவில்லை. பாடத்தைப் பிடித்துக்கொள்ளத்தான் ஆடுகிறான். அவனைக் கை கட்டச் சொல்லும்போது, அவன் யோசிப்பதற்கு வைத்திருந்த பிடியையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். எல்லா அசைவும் இப்படித்தான் என்று இந்தச் சிறு ஆய்வுகள் நிறுவிவிடவில்லை. ஆனால் ஓர் ஆசிரியர் தன் வகுப்பில் நின்று, அந்தப் பையன் எப்போது ஆடுகிறான், கடினமான கணக்கிலா, எளிய கணக்கிலா என்று ஒரு வாரம் பார்ப்பதற்கு இது போதிய காரணம். அந்த ஒரு கேள்வியை எழுப்பியதற்காகவே கடிகாரத்துக்கு நன்றி சொல்வேன்.

நம் பள்ளிகளுக்கு இது அந்நியமான சிந்தனையும் அல்ல. செயல்வழிக் கற்றல் 2007 முதல் தமிழக அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கெல்லாம் வந்தபோது, பிள்ளைகள் தாமே எழுந்து போய் தட்டிலிருந்து அட்டையை எடுத்துவந்து, தரையில் குழுவாக உட்கார்ந்து படிக்கத் தொடங்கினார்கள். ஒன்று முதல் மூன்றாம் வகுப்புவரைக்கான எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் தொடங்கியது இதே திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கம் பள்ளியில்தான். பாட்டும் ஆட்டமும் செயல்பாடும் அதன் உடம்பு. இப்படிப்பட்ட வகுப்பில் துடிப்பான பிள்ளைக்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. மேல் வகுப்புகளுக்குப் போகப்போக அந்த இடம் சுருங்குகிறது.

இங்கேதான் கருவியை அப்படியே இறக்குமதி செய்வதன் சிக்கலும் வருகிறது. அட்டை எடுக்கப் பத்து முறை எழும் வகுப்பில் பத்து முறை எழுவது இயல்பு. பெஞ்சில் உட்காரும் நாட்டில் எடுத்த சராசரி, சம்மணமிட்டு உட்காரும் பிள்ளைக்குப் பொருந்தாது. ஏப்ரல் வெயிலில் தகரக்கூரையின் கீழ் நெளிவது நோய் அல்ல. சென்சார் தரும் எண்ணுக்குத் தனியே அர்த்தம் கிடையாது. அது எந்தப் பிள்ளைகளின் எண்ணோடு ஒப்பிடப்படுகிறது என்பதில்தான் அர்த்தம். திருவள்ளூர் பிள்ளைகளின் சராசரி என்ன என்று இங்கேயே அளந்து வைக்காதவரை, வெளிநாட்டு வரைபடத்தில் நம் பிள்ளை எங்கே விழுகிறான் என்று பார்ப்பதை நான் நம்பமாட்டேன்.

இன்னொன்று: மேலே சொன்ன ஆய்வுகளைத் திரும்பப் பாருங்கள். 1983-இல் சிறுவர்கள், 1996-இல் சிறுவர்கள், 2009-இல் சிறுவர்கள். இந்தக் கருவி பையன்களின் உடம்பில் பிறந்து வளர்ந்தது. கோயம்புத்தூர் ஆய்விலும் கண்டறியப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பையன்கள். கடைசி வரிசையில் கை கட்டி, அசையாமல், ஜன்னல் வழியே எங்கோ போய்விட்ட பெண்பிள்ளையை எந்த மணிக்கட்டுப் பட்டையும் காட்டிக்கொடுக்காது. "அமைதியான பொண்ணு" என்று பாராட்டிவிட்டு நாமும் விட்டுவிடுகிறோம். அவளுக்கு உதவுவது 1956-இன் அந்த அழுத்துவிசையும், அவளோடு உட்கார்ந்து பேசும் ஒருவரும்தான். 2024-இன் இறுதியில் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான வளரிளம் பிள்ளைகளின் மணிக்கட்டுப் பட்டைத் தரவுகளை யேல் பல்கலைக்கழகக் குழு ஆராய்ந்தபோது, ஏடிஎச்டியை ஊகிக்க அசைவைவிட இதயத்துடிப்பே கூடுதலாக உதவியது என்று கண்டது. அசையாமல் இருக்கும் பிள்ளைக்கும் இதயம் துடிக்கிறது. அந்தப் பாதை தொடர்ந்தால் பெண்பிள்ளைகளுக்கு நல்லது நடக்கலாம்.

கும்மிடிப்பூண்டியை நினைத்தால் வேறொரு சென்சார் எனக்கு இன்னும் அவசரமாகப் படுகிறது. பழைய பேட்டரிகளிலிருந்து ஈயத்தை உருக்கியெடுக்கும் தொழில் அங்கே இருக்கிறது. ஈயம் குழந்தையின் மூளைக்குள் புகுந்து கவனத்தைக் குலைக்கும் என்பதை ஹெர்பர்ட் நீடில்மன் 1979-இல், விழுந்த பால்பற்களில் ஈயத்தை அளந்து காட்டினார். சென்னையிலேயே, பள்ளி செல்லும் 3 முதல் 7 வயது வரையான 756 பிள்ளைகளின் ரத்தத்தில் ஈயத்தை அளந்த ஆய்வு 2009-இல் வெளியானது. சராசரி, டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். ஈயம் கூடக்கூட, ஆசிரியர்கள் நிரப்பிய கானர்ஸ் தாளில் ஏடிஎச்டி மதிப்பெண்ணும் கூடியது. அமெரிக்காவில் இன்று 3.5 மைக்ரோகிராமைத் தாண்டினாலே பிள்ளையைத் தனியாகக் கவனிக்கிறார்கள். விரல்நுனியில் எடுத்த இரண்டு சொட்டு ரத்தத்தில் மூன்று நிமிடத்தில் ஈயத்தை அளந்து சொல்லும் கையடக்கக் கருவி உண்டு. அதுவும் சென்சார்தான். தொழிற்பேட்டை ஊரில் ஒரு பிள்ளை துறுதுறுவென்று இருந்தால், எவ்வளவு அசைகிறது என்று எண்ணுவதற்கு முன்னால் எதைச் சுவாசிக்கிறது, அப்பா எந்தச் சட்டையோடு வீட்டுக்கு வருகிறார் என்று கேட்பது முறை.

அதே மாவட்டத்தில் செங்கல் சூளைகளுக்கு ஒடிசாவிலிருந்து பருவந்தோறும் குடும்பங்கள் வருகின்றன. திருத்தணிப் பக்கத்து வீடுகள் பலவற்றில் தெலுங்கு பேசுகிறார்கள். தமிழில் அச்சடித்த கேள்வித்தாள் இந்தத் தாய்மார்களிடம் எதைக் கேட்கும்? மணிக்கட்டுப் பட்டைக்கு மொழி இல்லை. கிராமத்துக்கு அது கொண்டுவரக்கூடிய மிகப் பெரிய நன்மை இதுதான் என்பேன்: நகரத்துத் தனியார் மையத்தின் பளபளப்பான அறையில் கால் மணி நேரம் அளப்பதைவிட, சூளையில் விளையாடும் பிள்ளையை ஒரு வாரம் அதன் போக்கிலேயே அளப்பது. பொரினோவின் பெட்டி செய்தது அதைத்தான்.

அதற்கான வழி ஓரளவு போடப்பட்டும் இருக்கிறது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் கண்டறிய வேண்டிய 30 நிலைகளில் ஏடிஎச்டியும் ஒன்று. நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். சந்தேகம் வந்தால் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். 2022 ஜனவரியில் திருவள்ளூருக்கு அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. திருவாலங்காட்டிலிருந்து எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைவரை ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ரயிலேற வேண்டிய நிலைக்கு இது மாற்றாக வளரலாம்.

ஒரு பட்டையின் விலை பெரிதல்ல. குழுவின் வண்டியில் இருபது பட்டைகள் இருந்தால் ஒரு பள்ளியில் ஒரு வாரம் அளந்துவிடலாம். சந்தேகப்படும் பிள்ளைக்கு மட்டும் கட்டாமல் வகுப்புக்கே கட்டினால் யாருக்கும் பட்டப்பெயர் விழாது, ஊர்ச் சராசரியும் கையோடு கிடைக்கும். பெற்றோரின் சம்மதக் கடிதம் அவர்கள் படிக்கும் மொழியில் இருக்க வேண்டும். தரவு பிள்ளையின் பெயரில்லாமல் கல்லூரிக்குப் போக வேண்டும். இப்போது அந்த வண்டி பள்ளிக்கு வருவது ஆண்டுக்கு ஒரு முறை. கட்டிய பட்டையைக் கழற்ற ஏழு நாள் கழித்து அது மறுபடி வர வேண்டும். அந்த இரண்டாவது வருகைக்கு டீசலும் ஆளும் ஒதுக்குவதில்தான் திருவள்ளூரில் இந்தக் கதையின் அடுத்த பகுதி தொடங்க முடியும்.